தி.நகர் பழைய பிளாட்டா, மேற்கு மாம்பலமா? இடித்துக் கட்டும் கணக்கும் மழைநீரும்

#1 புதுவாசல்

ஒரே பட்ஜெட்டில் இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தி.நகரில் பஜுல்லா ரோடு, ஹபிபுல்லா ரோடு பக்கம் 1980-களில் கட்டிய அடுக்ககத்தில் ஒரு வீடு. நிலம் இரண்டு கிரவுண்ட், மொத்தம் 12 வீடுகள், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொன்று, தண்டவாளம் தாண்டி மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பத்து வருஷப் பழைய வீடு. இரண்டாம் மாடி.

தரகர்கள் முதலாவதைத்தான் தள்ளுகிறார்கள். "சீக்கிரம் ஜே.வி. போட்டு இடிச்சுக் கட்டிடுவாங்க, பைசா செலவில்லாம புது வீடு" என்பதுதான் அவர்கள் மந்திரம். ஜே.வி. என்றால் நிலம் நம்முடையது, பில்டர் தன் செலவில் கட்டி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம். இது நடக்கிற காரியமா? மழை, தண்ணீர், பார்க்கிங், பத்திரம் என்று எதை எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "தி.நகர் தி.நகர்தான் சார்" வகைப் பதில் வேண்டாம்.

#2 ஏரிக்கரை

நிலத்திலிருந்து ஆரம்பிப்போம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1920-ஆம் வருஷ நகரமைப்புச் சட்டம் வந்தபின், 1923 வாக்கில் நீதிக்கட்சி ஆட்சியில் அதைத் தூர்த்து மனை போட ஆரம்பித்தார்கள். அதுதான் தியாகராய நகர். ஏரி போனாலும் அடையாளம் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா", மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு". 1976-ல் வந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

மனை போட்டவர்கள் அந்தக் கட்சிக்காரர்களையும் மாநகராட்சிப் பிரமுகர்களையும் தெருவுக்குத் தெரு உட்கார வைத்துவிட்டார்கள். பிட்டி தியாகராயர், பனகல் அரசர், நடேசன், உஸ்மான், ஜி.என். செட்டி, பின்னால் பாண்டி பஜாருக்கு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். தெருப்பெயரை வரிசையாகப் படித்தாலே கட்சியின் உறுப்பினர் பட்டியல் மாதிரி இருக்கும்.

நடுவில் பனகல் பார்க். அதிலிருந்து அகலமான சாலைகள் நாலா பக்கமும் விரியும். அவற்றுக்கு இடையில் பெரிய மனைகளில் தனி வீடுகள். இந்த அமைப்பு குடியிருப்புக்காகப் போட்டது. ஆனால் அகலமான ரோடெல்லாம் ஒரு பூங்காவில் வந்து சேர, பக்கத்திலேயே 1911-லிருந்து மாம்பலம் ரயில் நிலையமும் இருந்தால், அங்கே கடை வராமல் என்ன வரும்? 1928-லேயே பட்டுக்கடை வந்துவிட்டது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மீதியும் முடிவாகிவிட்டது.

ஆகவே இடத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது தி.நகரா" என்பதல்ல. அந்த வாசல் எத்தனை அடி ரோட்டில் இருக்கிறது என்பது. கடை வருமா, மாடி ஏறுமா, தண்ணீர் லாரி உள்ளே வருமா என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது.

#3 மாம்பலம்_லோக்கல்

மேற்கு மாம்பலத்தைப் பத்தி யாரும் மனை போட்ட கதை சொல்ல மாட்டாங்க, ஏன்னா அப்படி ஒரேயடியா யாரும் போடல. கிராமமா இருந்தது தெருத்தெருவா ஊறிப் பெருத்தது. அதனாலதான் தெருவெல்லாம் ஒடுக்கம், முட்டுச்சந்து ஜாஸ்தி. பனகல் பார்க் மாதிரி ஒரு நடுமையம் கிடையாது. ஸ்டேஷன் ரோடு, ஆரிய கவுடா ரோடு, லேக் வியூ ரோடு இந்த மூணுதான் முதுகெலும்பு.

குணம் வேற மாதிரி. அயோத்தியா மண்டபத்துல கதாகாலட்சேபம், காசி விஸ்வநாதர் கோயில், நாலு தெருவுக்கு ஒரு மெஸ், சமையல் கான்ட்ராக்டர், புரோகிதர், அப்பளம் வடாம் கடை. பப்ளிக் ஹெல்த் சென்டர் நடந்து போற தூரம். வயசானவங்க அதிகம் இருக்கிற பகுதி, அதுக்கு ஏத்த மாதிரி எல்லாம் கூப்பிடு தூரத்துல கிடைக்கும். கொசுவும் கிடைக்கும். ஒரு காலத்துல யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் இது, மறந்துடாதீங்க.

விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் தண்டவாளம். ரயில் மேட்டைக் கடக்க வண்டிக்கு துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை. மழைன்னா முதல்ல மூடறதும் அந்த ரெண்டும்தான்.

#4 வில்லங்கம்_24

"பைசா செலவில்லாமல் புது வீடு" கணக்கைப் பார்ப்போம். கேள்வியில் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

நிலம் இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுரடி. 12 வீட்டுக்கும் சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) 400 சதுரடி. அந்தக் காலத்து எஃப்.எஸ்.ஐ. (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, ஆகவே கட்டியிருக்கக்கூடியது 7,200 சதுரடி, வீட்டுக்கு 600. இன்றைய 2019 கட்டட விதிகளில் உயரம் 18.30 மீட்டருக்குள் இருக்கும் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதன்படி 9,600. ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளம், இந்தக் கணக்கில் சேராது.

கூடுதலாகக் கிடைப்பது 2,400 சதுரடிதான். அதை விற்றுவரும் பணத்தில் 9,600 சதுரடியும் கட்ட எந்த பில்டரும் வரமாட்டார். அதனால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கியாக வேண்டும். அது ரோடு அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டர் முதல் 12-க்குள் என்றால் 30 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, 18-ம் அதற்கு மேலும் 50. இதற்கு வழிகாட்டி மதிப்பை வைத்து அரசுக்குக் கட்டணம் உண்டு, இலவசமில்லை.

40 சதவீதம் கிடைத்தால் 13,440 சதுரடி. பழைய உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 750 என்றால் 9,000. பில்டர் கையில் 4,440. ஆக, ஒரு சதுரடி விற்று மூன்று சதுரடி கட்டுகிறார். அந்த விற்பனை விலைக்குள் மூன்று மடங்கு கட்டுமானச் செலவு, பிரீமியம் கட்டணம், 12 குடும்பத்துக்கு இரண்டு வருஷ வாடகை, வட்டி, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். தி.நகர் நல்ல ரோட்டில் அடங்கலாம். மேற்கு மாம்பலம் உள்தெருவில் ரோடு 9 மீட்டரே இல்லை, பிரீமியமும் கிடையாது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு விஷயம் தரகர் சொல்ல மாட்டார். பில்டர் தன் பங்கை விற்கும்போது நிலத்தின் பங்கும் சேர்ந்துதான் போகும். 13,440-ல் உங்கள் பக்கத்துக்கு 9,000 என்றால், 400 சதுரடியாக இருந்த உங்கள் யு.டி.எஸ். சுமார் 268 ஆகிவிடும். வீடு பெரிதாகும், நிலம் சுருங்கும்.

#5 கடப்பாரை

வில்லங்கம் சார் கணக்கு காகிதத்துல சரி, மனையில நிக்காது.

இரண்டு கிரவுண்ட்னா வழக்கமா 60-க்கு 80 அடி. சுத்தி பத்தடி இடைவெளி விட்டா கட்டடத்துக்கு மிஞ்சறது 40-க்கு 60, அதாவது 2,400 சதுரடி. 18.30 மீட்டருக்குள்ள ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு மாடிதான் ஏறும். அஞ்சு 2,400 பன்னிரண்டாயிரம். 13,440-க்கு பிரீமியம் கட்டிட்டு 12,000தான் கட்ட முடியும்னா? அப்போ பில்டர் பங்கு 3,000. ஒண்ணுக்கு நாலு. கதை அங்கேயே முடிஞ்சுது. இல்ல, உங்களுக்கு 750-க்குப் பதிலா 680 தர்றேன்னு ஆரம்பிப்பார்.

உயரத்தைத் தாண்டிப் போகலாமேன்னு கேட்பீங்க. 18.30-ஐத் தாண்டினா உயர்மாடிக் கட்டடம், சுத்தி 7 மீட்டர் விடணும். 60 அடி அகல மனையில ரெண்டு பக்கமும் 7 மீட்டர் விட்டா நடுவுல 14 அடிதான் மிஞ்சும். அதுல மாடிப்படி கட்டலாம், வீடு கட்ட முடியாது.

அப்புறம் பார்க்கிங். ஒரு கார் நிக்க 2.5-க்கு 5 மீட்டர், சுமார் 135 சதுரடி. பழைய 12 வீடு, பில்டரோட நாலு வீடு, மொத்தம் 16 கார். வண்டி திரும்பற இடத்தைச் சேர்க்காமலே 2,150 சதுரடி. ஸ்டில்ட்ல தூண், லிஃப்ட், படிக்கட்டு, ஈ.பி. ரூம் போக அவ்வளவு எங்க இருக்கு? ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏத்தற ஸ்டாக் பார்க்கிங் போடுவாங்க. அதுல பள்ளம் தோண்டி இறக்கற வகையை தி.நகர்ல ஒத்துக்காதீங்க, முதல் மழையில பள்ளம் கிணறாயிடும், கீழ் தட்டு மோட்டார் போயிடும். தரைக்கு மேலயே ஏத்தற வகைதான், அதுக்கு ஸ்டில்ட் உயரம் கூடும், அந்த உயரமும் 18.30-க்குள்ளதான் கழியும்.

#6 வில்லங்கம்_24

கடப்பாரை சொல்வது சரி. விதியில் கிடைக்கும் அளவு வேறு, மனையில் இறங்கும் அளவு வேறு. பக்கத்து மனையையும் சேர்த்து நான்கு கிரவுண்டாக்கினால்தான் பல இடங்களில் கட்டுபடியாகும். தி.நகரில் இரண்டு பழைய அடுக்ககங்களைச் சேர்த்துப் பேரம் பேசுவது அதனால்தான்.

இன்னொரு பொறி: 7,200 அனுமதி வாங்கிய இடத்தில் அப்போதே 9,000 கட்டியிருப்பார்கள். எட்டு வீட்டுக்கு பிளான், பன்னிரண்டு வீடு நிற்கும். இது தி.நகரில் அதிசயமே இல்லை. 28.2.1999-க்கு முன் கட்டிய விதிமீறல்களுக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவில் வரன்முறைத் திட்டம் வந்ததே இந்த மாதிரிப் பகுதிகளின் புண்ணியத்தில்தான். பின்னால் 1.7.2007 வரை கட்டியவற்றுக்கு 113-சி வந்தது. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவில் கடைகளுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) சீல் வைத்ததும் ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே அளவுக்கு மேல் கட்டிய கட்டடத்தை இடித்தால் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஆகவே அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, நிற்கும் கட்டடத்தை டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை:

பன்னிரண்டு பத்திரங்களின் யு.டி.எஸ்.-ஐயும் கூட்டினால் 4,800 வர வேண்டும். வராது. எங்காவது 300, 400 சதுரடி நில உரிமையாளர் பெயரிலேயே தங்கியிருக்கும். மொட்டைமாடி உரிமையை யாருக்காவது தனியாக எழுதியிருப்பார்கள். 30 வருஷ வில்லங்கச் சான்று போதாது, தாய்ப்பத்திரத்திலிருந்து போடுங்கள். டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) எடுத்து நிலப்பரப்பை மீட்டரில் பாருங்கள், பத்திரத்தில் 4,800 என்று இருந்து சர்வேயில் 4,610 இருப்பது சாதாரணம். ரோடு விரிவாக்கத்துக்கு விட்டது, பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்தது என்று காரணம் இருக்கும். எஃப்.எஸ்.ஐ. கணக்கு குறைந்த எண்ணுக்குத்தான் போடுவார்கள்.

#7 ரயிலடி

எல்லோரும் சம்மதித்தால்தானே இடிக்க முடியும்? 12 பேரில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் கோர்ட்டில் என்றால்?

#8 வில்லங்கம்_24

முன்பு அதுதான் நிலைமை. தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022 நடைமுறைக்கு வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். 12-ல் 8. ஆனால் மறுக்கும் நாலு பேர் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனால் தேதி நகரும். சட்டம் பேரத்தில் உங்கள் கையை வலுவாக்கும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை: வீட்டு அளவு கார்பெட் கணக்கில் (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு மட்டும்) இருக்க வேண்டும், "750" என்று மொட்டையாக எழுதினால் பொதுவழி, படிக்கட்டு எல்லாம் அதற்குள் போய்விடும். எட்டு வீட்டுக்கு மேல் வருவதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். திட்ட அனுமதியும் ரெரா எண்ணும் கைக்கு வராமல் சாவி தராதீர்கள். பவர் பத்திரம் (விற்க அதிகாரம் தருவது) பில்டர் பங்கு யு.டி.எஸ்.-க்கு மட்டும். அதையும் ஒரே தவணையில் விடுவிக்காமல் கட்டுமானத்தின் கட்டத்துக்குக் கட்டம் விடுவியுங்கள். வாடகை கால அளவு "24 மாதம்" என்று இருக்கக்கூடாது, "சாவி தரும் வரை" என்று இருக்க வேண்டும்.

#9 மழைக்கால்வாய்

தண்ணீர் விஷயத்தில் கிழக்கும் மேற்கும் வேறு வேறு நோய், ஒரே மருந்து வேலை செய்யாது.

கிழக்கே, அதாவது தி.நகரில், வடிகால் என்றால் மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்திலிருந்து தி.நகரைக் குறுக்கே கடந்து சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் விழுகிறது. ஏரி இருந்தபோது தேங்கிய தண்ணீர் முழுக்க இந்த ஒரே வாய்வழியாகத்தான் இப்போது போக வேண்டும். 2021 நவம்பரில் ஜி.என். செட்டி ரோடு, வடக்கு உஸ்மான் ரோடு பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். மழை பெரிதுதான், ஆனால் கால்வாயில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது, கொட்டிய கட்டட இடிபாடு வழியை அடைத்திருந்தது என்பதும் அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகுதான் வெள்ளத் தடுப்புக்கு அரசு அமைத்த திருப்புகழ் குழு, புது வடிகால்கள் எல்லாம். இங்கே வரும் தண்ணீர் மேலிருந்து பெய்த மழை. வடிகால் திறந்திருந்தால் வடிந்துவிடும்.

மேற்கே அப்படியில்லை. ரயில் மேடு ஒரு அணை மாதிரிக் குறுக்கே நிற்கிறது. தெற்கே அடையாறு. ஆறு நிரம்பினால் வடிகால் வழியே தண்ணீர் திரும்பி உள்ளே வரும். 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலம், மேற்கு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை மூழ்கியது அப்படித்தான். மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மேற்கு மாம்பலத் தெருக்களில் தண்ணீர் நின்றது.

வீடு பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது:

வாசல்படிக்கும் ரோட்டுக்கும் உயரத்தை அளங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேமேலே போட்டதில் பல பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. ஸ்டில்ட் தரை ரோட்டைவிட ஒரு அடியாவது உயரமாக இல்லையென்றால் யோசியுங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரைமட்டத்திலேயே இருக்கிறதா, கட்டை எழுப்பியிருக்கிறதா? தரைமட்டம் என்றால் சாக்கடைத் தண்ணீர் முதலில் குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும். ஈ.பி. மீட்டர் பலகை எந்த உயரத்தில்? சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரியும், புது பெயின்ட் மூன்றடி வரை மட்டும் அடித்திருந்தால் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்.

தரைத்தளத்தில் கழிவறை இருந்தால் கடைசிச் சேம்பரில் திரும்பாத வால்வு, அதான் நான்-ரிடர்ன் வால்வு, கட்டாயம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடிக்காரர்கள் ஊற்றும் தண்ணீரும் வெளியே போகாது, கீழ்வீட்டுக் கழிவறை வழியாகத்தான் எழும்பும். வெள்ளம் என்றால் மேல்மாடியினர் தண்ணீர் புழக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று சங்கத்தில் முன்பே பேசி வையுங்கள். வால்வில் மாதம் ஒருமுறை குப்பை எடுக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

#10 கடப்பாரை

மண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஏரி தூர்த்த இடம்னா மேல நிரப்பின மண், கீழ களிமண். எவ்வளவு ஆழம் நிரப்பினதுன்னு மனைக்கு மனை மாறும். பக்கத்து வீட்டு மண் பரிசோதனை அறிக்கையை வாங்கி வச்சு டிசைன் போடற கூட்டம் இருக்கு, விடாதீங்க. ரெண்டு கிரவுண்டுக்கு குறைஞ்சது ரெண்டு போர் (மண்ணைச் சோதிக்கப் போடற துளை), எதிரெதிர் மூலையில. ஒண்ணரை மீட்டருக்கு ஒருதரம் எஸ்.பி.டி. (மண்ணோட கெட்டியை அளக்கற சோதனை) அடிக்கணும்: 63.5 கிலோ சுத்தி, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழணும், கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி. இந்த எண்ணிக்கை ரெண்டு போருக்கும் ரொம்ப வித்தியாசப்பட்டா மூணாவது போடுங்க.

பழைய ரெண்டு மூணு மாடிக் கட்டடத்துக்கு அந்தக் காலத்துல அண்டர்-ரீம்டு பைல் (மண்ணுக்குள்ள இறக்கற கான்கிரீட் தூண்) போட்டிருப்பாங்க. அடியில தூணோட விட்டத்தைப் போல ரெண்டரை மடங்கு விட்டத்துக்கு ஒரு குமிழ் இருக்கும், களிமண் சுருங்கி விரியறதுக்கு அது ஈடு கொடுக்கும். அஞ்சு மாடிக்கு அது போதாது, கெட்டி மண்ணு வரைக்கும் துளை போட்டு இறக்கற பைல்தான்.

வம்பு வர்றது அடித்தளம் தோண்டும்போது. தண்ணிய பம்ப் வச்சு இறைச்சுக்கிட்டே தோண்டுவாங்க. சுத்துவட்டாரத்துல நிலத்தடி நீர் இறங்கும், களிமண் சுருங்கும், பக்கத்துல ஆழமில்லாத அஸ்திவாரத்துல நிக்கற பழைய வீடு இறங்கும். அதுவும் அது மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா கேக்கவே வேண்டாம். தேக்கு உத்தரம், அதுக்கு மேல ஆச்சிக்கல்லை (சின்ன, மெலிசான செங்கல்) சுண்ணாம்புல குறுக்கா அடுக்கி, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, தட்டோடு பதிச்ச கூரை. நூறு வருஷம் நிக்கும், ஆனா சுவர் ஒரு விரக்கடை இறங்கினா விரிசல் கூரை முழுக்க ஓடும். இடிக்கறதுக்கு முன்னாடி பக்கத்து நாலு வீட்டையும் தேதியோட போட்டோ, வீடியோ எடுத்து ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டு வச்சுக்கணும். இருக்கற விரிசல் மேல கண்ணாடிச் சில்லை சாந்து வச்சு ஒட்டுங்க, நகர்ந்தா உடையும். பின்னால சண்டை வந்தா அதுதான் சாட்சி.

இடிக்காமலே பத்து வருஷம் இருக்க முடியுமான்னு பார்க்கணும்னா தூணுல கோர் (குடைஞ்சு எடுக்கற கான்கிரீட் உருளை) எடுங்க. 80-கள்ல பெரும்பாலும் எம்-15 கான்கிரீட், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் தாங்கணும். மூணு கோரோட சராசரி 85 சதவீதம், அதாவது 12.75-க்குக் குறையக் கூடாது. ஒண்ணு கூட 75 சதவீதத்துக்கு, 11.25-க்குக் கீழ போகக்கூடாது. குளியலறைக்குக் கீழ இருக்கற ஸ்லாபைத் தட்டிப் பாருங்க, பொள்ளுனு சத்தம் வந்தா கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்கு. ரிப்பேர் பண்ணலாம், ஆனா அதுக்கும் 12 பேர்கிட்ட காசு வசூல் பண்ணணும். அது கான்கிரீட்டைவிடக் கடினம்.

#11 நடைபாதை

எல்லோரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். தெருவில் வாழ்வது எப்படி என்பதையும் பார்க்க வேண்டாமா?

தி.நகர் என்றால் ரங்கநாதன் தெரு என்று வெளியூர்க்காரர் நினைப்பார். கடைத்தெரு என்பது உண்மையில் ஒரு முதுகெலும்பு: உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு, பனகல் பார்க் சுற்று, பாண்டி பஜார். அதைவிட்டு இரண்டு தெரு உள்ளே போனால் வாணி மகால் பக்கமும் கிருஷ்ண கான சபா பக்கமும் இன்றும் குடியிருப்புத்தான். ஆனால் அந்த எல்லை வருஷா வருஷம் ஒரு மனை நகர்கிறது. அறிகுறி தெரிந்துகொள்ளுங்கள்: தரைத்தளத்தில் முதலில் டெய்லர், அப்புறம் பொட்டீக், அப்புறம் நகைப் பட்டறை அல்லது குடோன். குடோன் வந்தால் விடியற்காலையில் லாரி வரும். உங்கள் அடுக்ககத்தில் ஏற்கெனவே ஒரு வீடு வணிக மின் இணைப்புக்கு மாறியிருக்கிறதா என்று மீட்டர் பலகையில் பாருங்கள், வீட்டு இணைப்பு என்றால் ஒன்று-ஏ, வணிகம் என்றால் ஐந்து.

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபின் நடப்பவருக்கு நிம்மதி, சந்தேகமில்லை. அங்கே நிறுத்த முடியாத வண்டி எல்லாம் தணிகாசலம் ரோட்டுப் பல அடுக்குப் பார்க்கிங்குக்குப் போகும் என்பது திட்டம். ஒரு பங்கு போகிறது, மீதி உள்தெருவில் உங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்துத் திறந்த ஆகாய நடைபாலம், 570 மீட்டர், ரயிலில் வருபவருக்கு உபயோகம். மேற்கு மாம்பலத்துக்காரருக்கும்தான்: ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்காமலே பஸ் நிலையம் போகலாம்.

பனகல் பார்க்கில் மெட்ரோ வருகிறது, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம், தரைக்குக் கீழே. வேலை முடியும்வரை போக்குவரத்து மாற்றம் அடிக்கடி. வாங்கும் வீடு சுரங்கப் பாதைக்கு மேலேயோ ஒட்டியோ இருந்தால் பைல் போட மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள், ஜே.வி. கனவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம், ஆடித் தள்ளுபடி, சனி ஞாயிறு மாலை. இந்த நேரத்தில் ஒருமுறை, ஆம்புலன்ஸ் வந்தால் எப்படி வரும் என்ற கண்ணோடு தெருவைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தரகர் காட்டும் தெரு வேறு.

#12 மாம்பலம்_லோக்கல்

குடிதண்ணி கணக்கையும் போட்டுக்கோங்க. ஆளுக்கு 135 லிட்டர், 12 வீடு, வீட்டுக்கு நாலு பேர்னா ஒரு நாளைக்கு 6,480 லிட்டர். பழைய கட்டடத்துல சம்ப் அஞ்சாயிரம், ஆறாயிரம்தான் இருக்கும். கோடையில மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தா தாங்காது. லாரி வரவழைக்கணும். எங்க பக்கத்து உள்தெருவுல பெரிய லாரி திரும்பாது, சின்ன லாரிதான், லிட்டர் கணக்குல விலை அதிகம். 2019 கோடையில இந்த வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது.

இன்னொண்ணு, லிஃப்ட் இல்லாத சின்ன அடுக்ககத்துக்கு பொது மின் இணைப்புல சலுகைக் கட்டணம் இருக்கு. பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இருக்கக்கூடாது. மேற்கு மாம்பலத்துல பாதிக் கட்டடம் இதுல வந்துடும். தி.நகர்ல இடிச்சுக் கட்டி லிஃப்ட், ஜெனரேட்டர், ஸ்டாக் பார்க்கிங் வந்தா மெயின்டனன்ஸ் எங்க போய் நிக்கும்னு யோசிங்க. பென்ஷன்காரங்க புது வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வெளிய போறது இதனாலதான்.

#13 ரயிலடி

கடைசியில் மேற்கு மாம்பலம்தான் நல்லது என்கிறீர்களா? அங்கே கட்டடம் பழசானால் என்ன செய்வது? இடித்துக் கட்ட முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

#14 ஏரிக்கரை

இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். தி.நகரில் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு நிலத்துக்கு, அந்த நிலத்தின் மதிப்பு ரோடு அகலத்துக்கு. அது நாளைக்கு மாடியாக மாறும் என்ற நம்பிக்கையை விலையிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். நம்பிக்கை பொய்த்தால் லிஃப்ட் இல்லாத நாற்பது வருஷக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. மேற்கு மாம்பலத்தில் கொடுப்பது குடியிருக்கும் வசதிக்கு. பத்து வருஷக் கட்டடம் என்றால் ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் முப்பது வருஷம் இடிக்கும் பேச்சே தேவையில்லை. இரண்டாம் மாடி என்பதால் 2015 மாதிரி வந்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. லிஃப்ட் மோட்டாரும் மின்பலகையும் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் முக்கியம்.

குடியிருக்கப் போகிறவர் என்றால் மேற்கு. பத்து வருஷம் காத்திருக்கக்கூடிய பணம் என்றால் கிழக்கு, அதுவும் கணக்கு தேறினால்.

#15 புதுவாசல்

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். தரகர் "நாற்பதடி ரோடு" என்கிறார், ஒரு பத்திரத்தில் "முப்பதடி" என்று இருக்கிறது. எதை நம்புவது?

#16 வில்லங்கம்_24

இரண்டையும் நம்பாதீர்கள். விதி மீட்டரில் பேசுகிறது. முப்பதடி என்றால் 9.14 மீட்டர், 9-ஐத் தாண்டிவிடும். இருபத்தொன்பதடி என்றால் 8.84, பிரீமியமே போச்சு. நாற்பதடி 12.19, தேறும். முப்பத்தொன்பது 11.89, தேறாது. ஓரடியில் 30 சதவீதமா 40 சதவீதமா என்பது தீர்மானமாகிவிடும்.

#17 கடப்பாரை

வாசல்ல மட்டும் அளந்துட்டு வந்துடாதீங்க. தெருமுனையிலிருந்து பெரிய ரோட்டில் சேர்ற இடம் வரைக்கும் டேப்போட நடங்க, ட்ரான்ஸ்ஃபார்மர், கோயில், முன்னுக்கு வந்த காம்பவுண்டு எங்கெங்க ஒடுங்குதோ அங்கெல்லாம் ரெண்டு பக்கச் சுவருக்கு நடுவுல அளந்து குறிச்சுக்கோங்க. அப்புறம் டி.எஸ்.எல்.ஆர். வரைபடத்துல அதே இடத்துல என்ன அகலம்னு ஒப்பிடுங்க. ஆக்கிரமிப்புன்னா அது வேற கதை, வரைபடத்துலயே ஒடுக்கம்னா பேரத்துல விலையைக் குறைச்சுப் பேசுங்க. பகல்ல ஆள் நடமாட்டம் ஜாஸ்தி, காலைல ஆறு மணிக்குப் போங்க.